மகளின் மாஸ்டர்ஸுக்கு வைப்புக் காசை உடைக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரச ஊழியன். வெள்ளவத்தையில் சொந்தமாக ஒரு பிளாட் இருக்கிறது. ஓய்வூதியம் மாதம் 58,000 ரூபாய். கோண்டாவிலில் இருந்த காணியை விற்ற காசு 90 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது. 8 சதவீத வட்டி, மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கிறோம். மகள் மொறட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் படித்து முடித்து இரண்டு வருடமாகிறது. மருத்துவ உபகரணங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியில் 120,000 ரூபாய் சம்பளம். அவளுடைய சேமிப்பு 8 இலட்சம். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் செய்ய ஆசைப்படுகிறாள். ஒரு ஏஜென்சி ஏழு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டுத்தர மூன்றரை இலட்சம் கேட்கிறது. பிளாட்டை ஈடு வைத்தால் ஒரு கோடி லோன் எடுத்துத் தரலாம் என்றும் சொல்கிறார்கள். மகன் அடுத்த வருடம் ஏஎல் எழுதுகிறான். மனைவியிடம் மகளின் கல்யாணத்துக்கென்று 40 பவுண் நகை இருக்கிறது. வைப்பை உடைப்பதா, வீட்டை ஈடு வைப்பதா, நகையை அடகு வைப்பதா?

பதில்: மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். மூன்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, மகள் எந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடப் போகிறார் என்பதை முதலில் பார்ப்போம். ஏனென்றால் உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வரும் என்பது வங்கி மனேஜரின் மேசையில் தீர்மானமாவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் ‘மாஸ்டர்ஸ்’ என்று டிக் பண்ணுகிறாரா, ‘பிஎச்டி’ என்று டிக் பண்ணுகிறாரா என்ற இடத்திலேயே அது முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் இந்தத் துறையில் மாஸ்டர்ஸ் என்பது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் படிப்பு. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் போன்ற இடத்தில் படிப்புக் கட்டணம் மட்டுமே வருடத்துக்கு 60,000 டொலரைத் தாண்டும். அவ்வளவு போகாமல் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கையைப் பிடித்துச் செலவழித்தாலும், வாடகை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து இரண்டு வருடத்துக்கு 90,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலர் 300 ரூபாய் என்ற கணக்கில் 2 கோடி 70 இலட்சம். உங்கள் வைப்பு முழுவதும் போய், ஒரு கோடி லோனும் போய், இன்னும் 80 இலட்சம் துண்டு விழும். ஏஜென்சிக்காரர் அந்த 80 இலட்சத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

பிஎச்டி அப்படியே தலைகீழ். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணத்தைத் துறையே கட்டிவிடும். மருத்துவக் காப்புறுதியும் தருவார்கள். அதற்கு மேல் வருடத்துக்கு 30,000 முதல் 45,000 டொலர் வரை உதவித்தொகையும் வரும். பதிலுக்கு மகள் ஆய்வுகூடத்தில் வேலை செய்வார், சில பருவங்களில் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பார். மாஸ்டர்ஸ் முடித்தால்தான் பிஎச்டிக்குப் போகலாம் என்று நம்மூரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படியில்லை, மொறட்டுவையின் நான்கு வருடப் பட்டத்தோடு நேரே விண்ணப்பிக்கலாம். ஐந்து ஆறு வருடம் என்பது உண்மைதான். இடையில் மனம் மாறினால், பல இடங்களில் இரண்டு வருடப் பாடங்களையும் தேர்வுகளையும் முடித்தவர்கள் மாஸ்டர்ஸ் பட்டத்தோடு வெளியே வரவும் வழி இருக்கிறது. (அதற்காகவே பிஎச்டி என்று பொய் சொல்லிச் சேரச் சொல்லவில்லை. அப்படி வருகிறவர்களை நேர்முகத்திலேயே பேராசிரியர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

உங்கள் வட்டிக் கணக்குக்கு வருகிறேன். 90 இலட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் மாதம் 60,000. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள், ஆகவே கைக்கு வருவது 54,000. ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 112,000. இதுதான் உங்கள் வீடு ஓடுகிற காசு. இடையில் ஒரு விஷயம்: வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்தால் அந்த 10 சதவீதத்தைப் பிடிக்க மாட்டார்கள். உங்கள் கணக்கு 14 இலட்சம் சொச்சம்தான் வருகிறது. நாளைக்கே போய் அந்தப் படிவத்தைக் கேளுங்கள், மாதம் 6,000 மிச்சம்.

சரி, லோன். ஒரு கோடியை 13 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 149,000 ரூபாய். வைப்பை உடைத்த பின் உங்கள் வருமானம் 58,000. மகள் முதல் மாதத்திலிருந்தே அனுப்புவார் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கும். படித்து முடித்தவுடன் 12 மாதம், பொறியியல் என்பதால் இன்னும் 24 மாதம் அங்கே வேலை செய்ய அனுமதி உண்டு. அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை வீசா கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் மகளின் கெட்டித்தனத்தில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அப்படியொரு விஷயத்துக்கு வீட்டு உறுதியைக் கொண்டுபோய் வங்கியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

2022ஐ மறந்துவிட வேண்டாம். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். மே மாதம் 360. அப்போது என்னிடம் வந்த ஒரு தகப்பனாரின் மகன் வெளிநாட்டில் இரண்டாம் வருடத்தில் இருந்தான். முதல் வருடக் கட்டணத்தை வைப்புக் காசில் கட்டிவிட்டார், இரண்டாம் வருடத்துக்கென்று எடுத்து வைத்திருந்த ரூபாய் பாதிக் கட்டணத்துக்குச் சற்று மேல்தான் கண்டது. ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதி எழுதி அழித்திருந்தார். அந்தப் பக்கம் அழிறப்பரால் தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது. ரூபாயில் சம்பாதித்து டொலரில் கட்டணம் கட்டுகிற எவருக்கும் இந்தப் பயம் இருக்க வேண்டும். டொலரில் உதவித்தொகை வாங்குகிற பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை.

அமெரிக்காவை மட்டும் பார்க்கவும் வேண்டாம். இந்தத் துறையின் ஆய்வுப் பணத்தில் பெரும் பங்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களிலிருந்து, அதாவது என்ஐஎச்சிலிருந்து வருகிறது. 2025 முற்பகுதியில் அங்கே வெட்டு விழப்போகிறது என்றதும் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்டி அனுமதிகளைக் குறைத்தன, சில நிறுத்தியே வைத்தன. ஆகவே கனடாவையும் சேருங்கள். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு: எம்ஏஎஸ்சி என்பது ஆய்வு மாஸ்டர்ஸ், வழக்கமாக உதவித்தொகையோடு வரும். எம்இங் என்பது பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் மாஸ்டர்ஸ், முழுக் காசும் உங்கள் கையிலிருந்து. டொரொண்டோவில் இரண்டும் ஒரே துறையின் இணையப் பக்கத்தில் அருகருகே இருக்கும், பெயரில் சின்ன வித்தியாசம்தான். மாஸ்டர்ஸ்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தால் எம்ஏஎஸ்சியைப் பார்க்கட்டும். அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போடத் தொடங்க வேண்டும். ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குக் கொழும்பிலுள்ள தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. சிங்கப்பூரின் சிங்கா உதவித்தொகையும் பிஎச்டிக்கு நல்லது.

ஜேர்மனியில் படிப்பு இலவசம் என்று யாராவது சொல்வார்கள். பல மாநிலங்களில் அது உண்மை. பாடன்-வுர்ட்டெம்பெர்க்கில் எங்களைப் போன்ற வெளியாருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 இலிருந்து மாஸ்டர்ஸுக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. இலவசமான இடத்திலும் வீசாவுக்கு முன் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும். யூரோ 350 என்றால் 42 இலட்சம் வரை வரும். அது மகளின் பெயரில் இருந்து மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே வரும், யாருக்கும் கட்டுகிற காசு இல்லை. ஆனாலும் உங்கள் வைப்பில் பாதி. உதவித்தொகையோடு படிப்பதற்கு அடுத்து, இது என் இரண்டாவது தெரிவு.

ஏஜென்சியை விட்டுவிடுங்கள். மாஸ்டர்ஸ் மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜென்சிகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கமிஷன் கொடுக்கின்றன. சம்பளம் கொடுத்து எடுக்கும் பிஎச்டி மாணவருக்கு யார் கமிஷன் கொடுப்பார்கள்? அவர்களுடைய பட்டியலில் எந்தப் பெயர்கள் இருக்கின்றன, எவை இல்லை என்பதற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், சிலர் தங்கள் மின்னஞ்சல் முகவரியில் கணக்குத் திறந்து விண்ணப்பிப்பார்கள். நேர்முகத்துக்கு வரச் சொல்லும் கடிதம் அவர்களிடம் போய்ச் சேரும், மகளுக்கு நான்கு நாள் கழித்துத் தெரியும். வங்கி மீதி காட்டுவதற்கென்று இரண்டு வாரத்துக்குக் காசு வாடகைக்குத் தருகிறோம் என்று சொல்வாரும் உண்டு. அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். கணக்கில் திடீரென்று வந்து போன காசை வீசா அதிகாரி பார்த்தவுடன் கேட்பார். கட்டணம் எதையும் உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம்) அனுப்பவும் வேண்டாம், பின்னால் காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

விண்ணப்பிக்க உண்மையில் எவ்வளவு ஆகும்? அமெரிக்க விண்ணப்பம் ஒன்றுக்கு 75 முதல் 125 டொலர். ஐந்து இடம் என்றால் 500 டொலர். கனடாவில் இரண்டு, அது 200 வரை. ஆங்கிலத் தேர்வு 200 டொலருக்கு மேல். ஜிஆர்இ என்ற பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வு 220 டொலர், ஆனால் பல உயிர்மருத்துவத் துறைகள் இப்போது அதைக் கேட்பதில்லை, ஆகவே பட்டியலைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். அட்டையில் கட்டும்போது வங்கிக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேரும். எல்லாமாகச் சுமார் மூன்றரை இலட்சம் ரூபாய். ஏஜென்சி கேட்ட அதே தொகை, ஆனால் அவர்களுடைய மூன்றரை இலட்சத்துக்கு மேல் இந்தக் கட்டணங்களையும் நீங்கள்தானே கட்ட வேண்டியிருக்கும்! மகளின் 8 இலட்சத்திலிருந்து இதைத் தாராளமாகச் செலவழிக்கலாம். பல துறைகளில் கட்டண விலக்கும் உண்டு, ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் கொழும்பு அலுவலகத்தில் அமெரிக்கப் படிப்பு பற்றி ஆலோசனையும் கிடைக்கும். ஃபுல்பிரைட் உதவித்தொகையிலேயே போனால் படித்து முடித்து இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். மகள் இப்போது செய்வது விற்பனையும் பராமரிப்பும் என்றால், பிஎச்டித் தேர்வுக் குழு அதில் பெரிதாக எதையும் பார்க்காது. அவர்கள் தேடுவது ஆய்வு அனுபவம், அப்புறம் அந்த ஆய்வைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் எழுதும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள். இறுதி வருடச் செயற்றிட்டம் நன்றாக இருந்தால் அந்த மேற்பார்வையாளரிடம் இன்றே பேசட்டும். இல்லையென்றால் கட்டுபெத்தையில், அதாவது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலேயே, ஒரு வருடம் ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு விண்ணப்பிக்கட்டும். சம்பளம் 70,000க்கு இறங்கினால் வருடத்துக்கு 6 இலட்சம் நட்டம். 2 கோடி 70 இலட்சத்துக்குப் பக்கத்தில் இந்த 6 இலட்சத்தை வைத்துப் பாருங்கள்.

இடங்கள் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். உதவித்தொகையோடு அனுமதி தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் 15க்கு முன் பதிலைக் கேட்டு நெருக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தக் கடிதத்தில் எத்தனை வருடத்துக்கு உதவித்தொகை உறுதி, கோடை மாதங்களுக்கும் உண்டா, மாணவர் கட்டணம் யார் தலையில் என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள்.

கடைசியாக நகை. முழு உதவித்தொகையில் போகிற பிள்ளைக்கும் முதல் இரண்டு மாதத்துக்குக் காசு தேவை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவராகப் பதிவதற்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், வீசா விண்ணப்பம் 185 டொலர், விமான டிக்கெட், வீட்டுக்கு முற்பணம், முதல் மாத வாடகை. ஓகஸ்ட்டில் போகிறவருக்கு முதல் உதவித்தொகை செப்டெம்பர் கடைசியில்தான் வரலாம். பத்து இலட்சமாவது கையில் இருக்க வேண்டும், மகளிடம் அப்போது நான்கு இலட்சம்தான் மிஞ்சியிருக்கும். மீதி ஆறு இலட்சத்துக்கு நிலையான வைப்பை இடையில் உடைத்து வட்டியை இழக்காதீர்கள். 40 பவுணில் தேவையான சிலதை மட்டும் வங்கியில் அடகு வையுங்கள், உதவித்தொகையில் மிச்சம் பிடித்து அடுத்த வருட நடுப்பகுதிக்குள் மீட்டுவிடலாம். அடகுச் சீட்டு மனைவியின் பெயரில் இருக்கட்டும். மகளின் பெயரில் வைத்துவிட்டு அவர் போய்விட்டால், மீட்க வருகிறவர் அத்தாட்சிக் கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.