எச்ஐவி உள்ளவருக்கு வீடு இல்லையென்றால் தங்குமிடப் பராமரிப்பு எதற்கு?

யாழ்ப்பாணத்தில் அரசாங்க கிளினிக்கில் குளிசை இலவசம்தானே, பிறகேன் தங்குமிடம் என்று சிலர் கேட்பதுண்டு. கிளினிக்குக்கு வந்து மருந்து வாங்கிப் போவது வெளிநோயாளர் பராமரிப்பு. படுக்கை, சாப்பாடு, தாதியின் கவனிப்போடு சிலகாலம் இருப்பது தங்குமிடப் பராமரிப்பு.

எச்ஐவி குளிசையை நாள் தவறாமல் போட வேண்டும். விட்டுவிட்டுப் போட்டால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு மசியாமலும் போகலாம். தோட்ட வேலியில் ஒரு கதியால் விழுந்தால் மாடு நுழைவது போலத்தான். பஸ் நிலையத்தில் படுப்பவருக்கோ மாரி மழையில் பை நனையும், கிளினிக் கொப்பி தொலையும், குளிசைப் போத்தலை யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. (பசியை விட இந்தப் பயம் பொல்லாதது என்பேன்.)

அப்புறம், கூடத் தங்கினால் தொற்றும் என்பது தவறு. ஒரே கோப்பை, ஒரே கழிப்பறை எதனாலும் எச்ஐவி தொற்றாது.