பிராணிகளுக்கு அக்குபங்சர்: முதலில் எதைப் படிக்க வேண்டும்?

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகள் நாய், பூனைகளுக்கு அக்குபங்சர், அதாவது ஊசி குத்தும் சீன வைத்தியம், செய்யும் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், ஏதோ ஒரு குறுகிய காலப் படிப்பில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள், அம்மா. வேண்டாம். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு உங்கள் ஊரான குளுவாங்கில் கடை திறக்க முடியாது.

மலேசியாவில் பிராணிக்குச் சிகிச்சை தருவது 1974ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்துக்குள் வருகிறது. சிகிச்சை தருபவர் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். மனிதர்களுக்கான சீன மருத்துவப் பட்டமும் இங்கே செல்லாது. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய அனைத்துலகக் கால்நடை அக்குபங்சர் சங்கம் நடத்தும் பயிற்சிகூட கால்நடை மருத்துவர்களுக்குத்தான். ஆக, பட்டம் முதலில், ஊசி அப்புறம்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தோட்டத்து நாய் ஒன்று பின்னங்காலை இழுத்து நடக்கிறது. மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். மோட்டார் சைக்கிள் இடித்து இடுப்பெலும்பு உடைந்திருக்கலாம். உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சலில், இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் குறைந்துவிடும். அது தெரியாமல் குத்தினால் இரத்தம் லேசில் நிற்காது. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகுதான் ஊசி. கட்டியின் மேலும் சீழ் பிடித்த தோலிலும் குத்தக் கூடாது. வலிப்பு வரும் நாய்க்கு ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறை ஆகாது.

ஊசி 0.16 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிமன்தான். 10 முதல் 30 நிமிடம் உடம்பில் இருக்கும். வாரம் ஒரு தடவை, நாலைந்து வாரம் வரச் சொல்வார்கள். எண்ணிக் குத்தி, எண்ணி எடுக்க வேண்டும். நாய் உடம்பை உதறினால் ஒன்று விழும், அதைக் கவ்வி விழுங்கியும் விடும். மூட்டுவலி, முதுகெலும்புத் தட்டுப் பிரச்சினைக்கு இதை வலி மருந்தோடு துணையாகத் தருகிறார்கள். ஆய்வுச் சான்று இன்னும் வலுவாக இல்லை என்பதையும் மகள் தெரிந்துகொள்ளட்டும்.

இனி வழி. எஸ்பிஎம் சான்றிதழுக்கே பகாசா மலாயுவும் வரலாறும் தேற வேண்டும். அடுத்து படிவம் 6 அல்லது மெட்ரிகுலேஷன். உயிரியலையும் வேதியியலையும் விடக் கூடாது. பிறகு செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் அல்லது மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகத்தில் 5 ஆண்டுகள் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு. படிவம் 6 முடிவில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வு வழியாக விண்ணப்பித்தால், இடம் கொடுக்கப் பார்க்கும் மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. போட்டி கடுமை. சென்னையில் படிக்க வைக்க நினைத்தால், அந்தக் கல்லூரி, மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

புள்ளி குறைந்தால் உங்கள் ஊரிலேயே மலேசியக் கால்நடைக் கழகம் என்ற பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே படித்து உதவியாளர் வேலைக்குப் போகலாம். தனியாக ஊசி குத்த முடியாது.

அக்குபங்சரை மட்டும் நம்பிப் பிழைப்பது கோலாலம்பூரிலேயே சிரமம். தோட்டப்புறத்தில் மாடு, ஆடு, பூனைக்குக் கருத்தடை என்று எல்லாமும் பார்க்க வேண்டும்.

இந்த விடுமுறையில் பக்கத்துக் கிளினிக்கில் கேட்டு ஒரு வாரம் நிற்க வையுங்கள். கூண்டு கழுவட்டும், பூனையிடம் பிறாண்டல் வாங்கட்டும், குணமாகாத நாயைக் கருணைக்கொலை செய்வதையும் பார்க்கட்டும். அதன் பிறகும் ஆசை இருந்தால் படிவம் 6க்குப் பதியுங்கள்.