10,080 வகுத்திகளும் விடுபட்ட ஓர் எண்ணும்

கேள்வி: ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட ‘மிகு பகு எண்கள்’ பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருப்பதாகப் படித்தேன். கணினி நொடியில் பிழையின்றித் தந்துவிடும் ஒரு பட்டியலுக்காக அவரை இன்றும் கொண்டாடுவது மிகையல்லவா?
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: விடுபட்டது உண்மை. அதற்காக அந்தக் கட்டுரையையே வெறும் பட்டியலாகச் சுருக்கிவிட்டீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தனக்குக் குறைந்த எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டது மிகு பகு எண். 12-க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 18-க்கும் ஆறுதான் என்றாலும் அது சேராது. 18 என்பது 2×3². அடுக்குகளை மாற்றிப் போட்டு 2²×3 என்று எழுதினால், வகுத்திகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, எண் மட்டும் 12 ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு மிகு பகு எண்ணைப் பிரித்தால் 2, 3, 5, 7 என்று பகா எண்கள் ஒன்றுகூட விடுபடாமல் வர வேண்டும். அவற்றின் அடுக்குகள் போகப்போக ஏறவே கூடாது. ராமானுஜன் இதோடு நிற்கவில்லை. 2-இலிருந்து எண்ணினால், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1-தான் என்றும், எண் பெருகப் பெருக அடுக்குகள் எப்படி அமையும் என்றும் அக்கட்டுரையில் நிறுவினார். உங்கள் ஊர்த் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது இந்த ஆய்வுக்காகத்தான். அந்த நிறுவல்களில் எதுவும் பட்டியலை நம்பி நிற்கவில்லை என்பதால், ஓர் எண் விடுபட்டதால் அவற்றுக்குக் குறைவில்லை.

கணினியின் வேகத்தைச் சொன்னீர்கள். அடுக்குகளைப் பற்றிய இந்த விதியைச் சொல்லித் தராமல், ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்கச் சொன்னால், பட்டியலின் இறுதியை எட்டுவதற்குள் அது 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் அதிகமான எண்களைப் பார்த்தாக வேண்டும். அது நொடியில் முடிகிற வேலை அல்ல. விதி தெரிந்தால் தேட வேண்டியவை மிகச் சிலவே.

ராமானுஜன் தந்த 102 எண்களில் கடைசியானது 6,74,63,28,38,88,800. பிரித்தால் 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3, பிறகு ஐந்து முறை 2, ஆக 10,080 வகுத்திகள். பள்ளிப் பிள்ளையும் தாளில் போட்டுப் பார்க்கலாம். இனி அதே எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். 2,93,31,86,25,600 என்று வரும், வகுத்திகள் 5,040. அவர் பட்டியலில் விடுபட்ட எண் அதுவே.