புத்தூருக்குப் போகிறேன் என்று அப்பா கிளம்பினால்

கேள்வி: பள்ளிப்பட்டு பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். மாமரத்திலிருந்து விழுந்த எட்டு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள், முழங்கை வீங்கியிருந்தது. திருத்தணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றேன். "எனக்கே புத்தூர்ல கட்டித்தான் சரியாச்சு" என்று அப்பா, எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டு போடும் ஆந்திரப் புத்தூருக்குப் போக நகரி பஸ் ஏறிவிட்டார். தடுத்திருக்க வேண்டுமா? தடுத்தால் நாளைக்குத் தடுப்பூசிக்குக்கூட அந்தத் தெரு வராது.

பதில்: சிஸ்டர், அந்த அப்பா பொய் சொல்லவில்லை. விலகாத முறிவு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் பெரும்பாலும் கூடிவிடும். 'மூடநம்பிக்கை' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இது குழந்தையின் முழங்கை, கதை வேறு என்று சொல்லுங்கள்.

பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். கைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அதை ஒட்டித்தான் ஓடுகிறது. வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டினால் சில மணி நேரத்தில் தசை சாக ஆரம்பிக்கும். அப்புறம் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஆஸ்பத்திரி மாவுக்கட்டு இறுகினாலும் இதே கதிதான். அதையும் ஒளிக்காமல் சொன்னால்தான் உங்களை நம்புவார்.

பெரியவர் தன் கைக்கு வைத்தியம் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. பிள்ளையின் கைக்கு அப்பா வேண்டாம் என்பது அதே எடை உள்ள பேச்சு இல்லை. விரல் சூடாக, அசைந்துகொண்டு, நாடியும் கிடைத்தால் பேசிப் பார்க்க நேரம் இருக்கிறது. எதற்குப் பயம் என்று கேளுங்கள். அநேகமாக 'கம்பி வெச்சிடுவாங்க', இல்லை கூலி போய்விடும் என்பார். லேசான முறிவுக்கு மாவுக்கட்டே போதும். கம்பி வைத்தாலும் மெல்லியதுதான், சில வாரத்தில் உருவிவிடுவார்கள்.

விரல் சில்லிட்டு வெளுத்திருந்தால், நாடி கிடைக்காவிட்டால், விரலை நீட்டும்போது பிள்ளை அலறினால், எலும்பு வெளியே தெரிந்தால், விடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அப்பாவிடம் போனில் பேச வையுங்கள். அப்பவும் முடியாது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. தெருவின் கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பையன் போய்விட்டான், சரி. இன்றே அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். வலி ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்தால், யாரையும் கேட்காமல் கட்டைத் தளர்த்திவிட்டு எந்தப் பெரிய ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே ஓடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதையும் அவர்கள் சொன்னதையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். கைநாட்டு வாங்கி மிரட்ட வேண்டாம். அப்படி வாங்கினால் வலி வந்தாலும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.