ஈகிள்ஸ் முன்வரிசை பத்தி கேளுங்க: 70 சாக் எடுத்த வருஷம் கப் போச்சு, 41 எடுத்த வருஷம் வந்துச்சு

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல ஆடற ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸோட டிஃபென்ஸிவ் லைனைப் பத்தி, அதாவது எதிர் டீமைத் தடுக்கற முன்வரிசையைப் பத்தி, குறிப்பா 2024 சீசன்ல சூப்பர் பவுல்ங்கற ஃபைனல்ல ஜெயிச்ச அந்த கூட்டத்தைப் பத்தி கேக்கச் சொல்லியிருந்தேன். நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன். நான் கோச் எல்லாம் இல்ல, ஆனா இந்த டீமோட மேட்சை நிறுத்தி நிறுத்தி ரிவைண்ட் பண்ணி பாத்தே வீட்ல நல்லா திட்டு வாங்கினவன்.

கேள்வி: அண்ணே, நான் புதுசு. முன்வரிசைன்னா யாரு யாரு? எல்லாரும் குண்டா இருக்காங்க, எனக்கு வித்தியாசமே தெரியல.

பந்துக்கு நேர் எதிர்ல குனிஞ்சு கைய தரையில வச்சு நிக்கறவங்கதான் தம்பி. நடுவுல நிக்கற ரெண்டு பேர் டேக்கிள், ரெண்டு ஓரத்துல நிக்கறவங்க எட்ஜ். எதிர் டீம்ல சென்டர், ரெண்டு கார்ட், ரெண்டு டேக்கிள்னு (பேரு அதேதான், ஆளு வேற) அஞ்சு பேர், பந்தை எறியற குவார்டர்பேக்கை காப்பாத்த நிப்பாங்க. எங்க நிக்கறாங்கன்னு சொல்ல நம்பர் வச்சிருக்காங்க, சென்டர் மூக்குக்கு நேரா நின்னா ஜீரோ, கார்டோட வெளித்தோள்ல நின்னா மூணு, டேக்கிளோட வெளித்தோள்ல நின்னா அஞ்சு, இன்னும் ரொம்ப தள்ளி ஓரமா நின்னா ஒன்பது. ஜீரோ இடத்துல நிக்கறவனோட வேலை பெரும்பாலும் ரெண்டு பேரை தாங்கி இடத்தை விட்டுக் குடுக்காம நிக்கறது, மூணு இடத்துல நிக்கறவன் இடைவெளியில புகுந்து ஓடணும். இது புரிஞ்சா பாதி விஷயம் முடிஞ்சுது.

கேள்வி: 2022ல 70 சாக், 2024ல 41 சாக். அப்ப 2022 டீம்தானே பெஸ்ட்? எல்லாரும் ஏன் 2024ஐ தூக்கி வச்சு ஆடறாங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் ஆரம்பிச்சேன்.

சாக்னா பந்தை எறியறதுக்குள்ள குவார்டர்பேக்கை கீழ சாய்க்கறது, அது எல்லாருக்கும் தெரியும். 2022ல ஹசான் ரெடிக் 16, பிராண்டன் கிரஹாம் 11, ஜேவான் ஹார்கிரேவ் 11, ஜாஷ் ஸ்வெட் 11, ஒரே டீம்ல நாலு பேர் பத்துக்கு மேல எடுத்தது என்எஃப்எல் வரலாத்துலயே அதான் முதல் தடவை. பேப்பர்ல பாத்தா மலை மாதிரி இருக்கும். ஆனா அதே வருஷம் நவம்பர்ல வாஷிங்டன் வந்து என்ன பண்ணாங்க, எறியவே இல்ல, ஓட்டம் ஓட்டமா ஓடினாங்க, 49 தடவை ஓடி 40 நிமிஷத்துக்கு மேல பந்தை தன்கிட்டயே வச்சுக்கிட்டு 32-21னு ஜெயிச்சுட்டுப் போனாங்க. அப்ப ஜார்டன் டேவிஸ் அடிபட்டு வெளிய இருந்தாரு, நடுவுல ஆளே இல்ல. அந்த வாரமே லின்வால் ஜோசஃப், சூ ன்னு ரெண்டு பெரிய கைகளை அவசரமா கூட்டிட்டு வந்தாங்க. நடு ஓட்டைன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரிதானே.

அப்புறம் 2023 பிப்ரவரி சூப்பர் பவுல். 70 சாக் எடுத்த கூட்டம், எதிர்ல ஆடின கன்சாஸ் சிட்டி சீஃப்ஸோட குவார்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவை கூட சாய்க்கல. பூஜ்யம். 38-35னு தோத்தாங்க, ரெண்டாவது பாதியில சீஃப்ஸ் பந்தை வாங்கின எல்லா தடவையும் பாயின்ட் எடுத்தாங்க. தரை வழுக்குச்சுன்னு சொல்றாங்க, வழுக்குச்சுதான், ஆனா ரெண்டு டீமும் அதே தரையிலதான் ஆடுச்சு.

சாக் எண்ணிக்கைங்கறது ஒரு வருஷ வசூல் கணக்கு மாதிரி, சுமாரான டீமுங்க மேல அள்ளிக்கலாம். முன்வரிசை பலமா இல்லையான்னு தெரியணும்னா நான் கேக்கறது ஒண்ணுதான்: நாலு பேரை மட்டும் அனுப்பி, மீதி ஏழு பேரை பின்னாடி காவலுக்கு விட்டு, நல்ல குவார்டர்பேக்கை அவசரப்படுத்த முடியுதா? 2024 கூட்டம் அதைப் பண்ணுச்சு.

கேள்வி: சூப்பர் பவுல்ல ஒரு தடவை கூட பிளிட்ஸ் பண்ணலன்னு சொல்றது நிஜமா?

நிஜம். 2024 சீசனோட சூப்பர் பவுல், 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லின்ஸ், எதிர்ல அதே சீஃப்ஸ். மஹோம்ஸ் எறிய பின்னாடி போனது 42 தடவை, ஈகிள்ஸ் டிஃபென்ஸ் கோச் விக் ஃபாஞ்சியோ ஒரு தடவை கூட அஞ்சாவது ஆளை எக்ஸ்ட்ராவா அனுப்பல, அப்படி அனுப்பறதுதான் பிளிட்ஸ். ஆறு சாக். மஹோம்ஸ் கேரியர்லயே ஒரு மேட்ச்ல அதுதான் அதிகம். ஸ்வெட் ரெண்டரை, மில்டன் வில்லியம்ஸ் ரெண்டு, ஜார்டன் டேவிஸ் ஒண்ணு, ஜேலிக்ஸ் ஹன்ட் அரை. முதல் பாதி முழுக்க சீஃப்ஸ் எடுத்தது மொத்தமா 23 யார்டு, ஸ்கோர் 24-0. கடைசியில 40-22ன்னு பாத்தா ஏதோ ஃபைட் குடுத்த மாதிரி தெரியும், நம்பாதீங்க, பாதி பாயின்ட் எல்லாம் மேட்ச் கைவிட்டுப் போனப்புறம் வந்தது.

இதுல பாருங்க, பிளிட்ஸ் பண்ணா மஹோம்ஸுக்கு கொண்டாட்டம், எவன் வெளிய வந்தானோ அவன் விட்ட இடத்துல பந்தைப் போட்டுடுவாரு. இங்க யாரும் இடத்தை விட்டே வரல, பின்னாடி ஏழு பேர் நிக்கறாங்க, எறிய ஆள் கிடைக்கல, ஒரு செகண்ட் யோசிக்கறாரு, அந்த ஒரு செகண்ட்ல ஸ்வெட் கழுத்துல வந்து நிக்கறாரு. ஈகிள்ஸ் பின்வரிசை ஆளு கூப்பர் டிஜீன் தன்னோட 22வது பிறந்தநாள் அன்னிக்கு மஹோம்ஸ் எறிஞ்ச பந்தைப் பிடிச்சு 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டாரே, அதுக்கு முந்தின ரெண்டு ஸ்னாப்பும், அதாவது ரெண்டு ஆட்டமும், சாக். 10 யார்டு போக நாலு வாய்ப்புதான், அதுல மூணாவதான தேர்ட் டவுன்ல 16 யார்டு வேணும்னு ஆகிப்போச்சு, வேற வழியில்லாம எறிஞ்ச பந்து அது. பேரு டிஜீனுக்கு, பாதிக் கூலி முன்வரிசைக்கு.

நியாயமா ஒண்ணு சொல்லணும், சீஃப்ஸுக்கு இடது டேக்கிள் சரியா அமையல, கார்டா ஆடற ஜோ தூனியை அங்க கொண்டுபோய் நிறுத்தியிருந்தாங்க. நல்ல ஆட்டக்காரர், ஆனா அவர் இடம் அது இல்ல.

கேள்வி: நடுவுல டேக்கிளா ஆடற ஜேலன் கார்ட்டர் 2024 சீசன் முழுக்க 4.5 சாக்தான். சூப்பர் பவுல்ல ஒண்ணு கூட இல்ல. ஹைப் மட்டும் இவ்ளோ ஏன்?

கோவப்படாதீங்க ப்ரோ, ஆனா இந்தக் கேள்வியைப் பாத்தாலே எனக்கு பிபி ஏறும். கார்ட்டர் மேல ரெண்டு பேர், சில நேரம் மூணு பேர் விழுவாங்க. அஞ்சு பேர்ல ரெண்டு பேர் அவர்கிட்ட போயிட்டா மீதி மூணு பேர் இவங்க மூணு பேரை தனித்தனியா சமாளிக்கணும். மில்டன் வில்லியம்ஸ் சூப்பர் பவுல்ல மஹோம்ஸ் கையில இருந்து பந்தைத் தட்டி தானே எடுத்துக்கிட்டாரே, அந்த மேட்ச் முழுக்க அவருக்கு ஒத்தைக்கு ஒத்தை ஆள் கிடைச்சுதுன்னா காரணம் பக்கத்துல இருந்தவரு. கல்யாண வீட்ல ஒருத்தர் வாசல்ல நின்னு எல்லா சொந்தக்காரங்க கிட்டயும் மாட்டிக்கிட்டா மத்தவங்க நிம்மதியா பந்தியில உக்காரலாம் இல்லையா, அதுதான் கார்ட்டர்.

சாக்தான் வேணும்னா ராம்ஸ் மேட்ச் பாருங்க, 2025 ஜனவரி, கொட்டற பனி. ஈகிள்ஸ் 28-22 முன்னாடி இருக்காங்க, ராம்ஸ் 13 யார்டு கோட்டுக்கு வந்துட்டாங்க, ஒரு டச்டவுன் போட்டா கதை முடிஞ்சுது. தேர்ட் டவுன்ல கார்ட்டர் நடுவுல புகுந்து ராம்ஸ் குவார்டர்பேக் ஸ்டாஃபர்டை சாய்ச்சாரு, அது அன்னிக்கு அவரோட ரெண்டாவது சாக். அடுத்த எறியும் வீணாப்போச்சு. எத்தனைங்கறதை விட எப்பங்கறது முக்கியம்னு நான் சொல்றது இதுக்குத்தான். 2018 சூப்பர் பவுல்லயும் பாருங்க, பேட்ரியாட்ஸ் கூட 41-33, ஈகிள்ஸ் அந்த மேட்ச் முழுக்க எடுத்தது ஒரே ஒரு சாக், கடைசி நேரத்துல கிரஹாம் பேட்ரியாட்ஸ் குவார்டர்பேக் பிரேடி கையில தட்டினது. கப் வீட்டுக்கு வந்துச்சு.

கேள்வி: டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்களை டீமுங்க முறை வச்சு எடுக்கறது) ஜார்டன் டேவிஸ் மேல 13வது பிக் வீணடிச்சாங்கன்னு நான் சொல்றேன். பாதி நேரம் பெஞ்ச்லதான் இருக்காரு.

2024ல அந்தக் கோவம் எனக்கும் கொஞ்சம் இருந்துச்சு. ஆறடி ஆறு அங்குலம், 150 கிலோவுக்கு மேல, எறியற நேரத்துல இறக்கிடுவாங்க, ஓடற நேரத்துக்குதான் ஏத்துவாங்க. ஆனா அவர் நடுவுல நிக்கறதாலதான் பின்னாடி நிக்கற ஜாக் பான் ஆளே தொடாம ஓடிவந்து பந்து வச்சிருக்கறவனைப் பிடிச்சு சாய்க்க முடிஞ்சுது. 2022ல இவர் இல்லாத வாரத்துல என்ன ஆச்சுன்னு மேலயே சொல்லிட்டேன். வீண்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி: பிரைஸ் ஹஃப்?

அந்தப் பேரை ஏங்க எடுக்கறீங்க. எட்ஜ்ல ஆட மூணு வருஷத்துக்கு சுமார் 5.1 கோடி டாலர்னு 2024ல கூட்டிட்டு வந்தாங்க, சூப்பர் பவுல் அன்னிக்கு உடம்பு நல்லா இருந்தும் ஜெர்சி போட விடல. அதே வருஷம் 35 லட்சம் டாலருக்கு ஒரு வருஷ ஒப்பந்தத்துல வந்த ஜாக் பான் ஆல் ப்ரோ, அதாவது லீக்கோட பெஸ்ட் ஆட்டக்காரங்க லிஸ்ட்ல ஒருத்தர் ஆயிட்டாரு, அடுத்த வருஷம் அவருக்கு அதே மூணு வருஷம், கிட்டத்தட்ட அதே 5.1 கோடி. வேற என்ன சொல்ல.

கேள்வி: இது நம்ம கபடி மாதிரி தானே அண்ணே?

பிடிக்கறது வரைக்கும் சரி. ஆனா கபடியில பாடி வர்றவன் தனியா வருவான், இங்க குவார்டர்பேக்கைச் சுத்தி அஞ்சு பேர் கோட்டை கட்டி நிக்கறாங்க. அந்தக் கோட்டையை உடைக்கறதுதான் விளையாட்டே.

கேள்வி: ஸ்வெட்டும் மில்டன் வில்லியம்ஸும் போயிட்டாங்களே, அதோட பலம் போச்சா?

வலிச்சுது. ஸ்வெட் அரிசோனாவுக்கு நாலு வருஷம் 7.64 கோடி டாலர், வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்கு நாலு வருஷம் 10.4 கோடி. வில்லியம்ஸ் இங்க ஸ்டார்ட்டர்னு பேரு கூட முழுசா வாங்கல, மூணாவது ரவுண்டுல எடுத்த பையன், அவருக்கு அவ்ளோ பணம் குடுத்தாங்கன்னா இந்த வரிசையில ஆள் மாத்தி ஆள் எவ்ளோ ஆழமா இருந்துதுன்னு யோசிங்க. ஜெயிச்ச டீமுக்கு இது நடக்கறதுதான், சம்பள வரம்பு இருக்கு, எல்லாரையும் வச்சுக்க முடியாது. கார்ட்டர், டேவிஸ், நோலன் ஸ்மித்னு ஜார்ஜியா யுனிவர்சிட்டி பசங்க மூணு பேரையும் டிராஃப்ட் முதல் ரவுண்டுல எடுத்தாரே ஈகிள்ஸ் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மன், அந்த முன்யோசனை இங்கதான் உதவும். ஏழாவது ரவுண்டுல எடுத்த மோரோ ஓஜோமோவையும் மறந்துடாதீங்க. ஆனா ஸ்வெட் இடத்தை மட்டும் லேசுல நிரப்ப முடியாதுங்கறது என் அபிப்பிராயம், ஓரத்துல இருந்து வளைஞ்சு வர்ற அந்த வேகம் எல்லாருக்கும் வராது.

கேள்வி: நான் வீட்ல உக்காந்து பாக்கும்போது இதெல்லாம் எப்படி கண்டுபிடிக்கறது? டிவியில பந்து பின்னாடியேதானே கேமரா போகுது.

முதல் ரெண்டு செகண்ட் பந்தை மறந்துடுங்க, கஷ்டம்தான், பழகிடும். எதிர் டீம் சென்டர் எந்தப் பக்கம் திரும்பறான்னு மட்டும் பாருங்க, அவன் யார் பக்கம் உதவிக்குப் போறானோ அந்த ஆளைக் கண்டுதான் அந்த டீம் பயப்படுது. அப்புறம் குவார்டர்பேக் கால். ஒரே இடத்துல நின்னு நிதானமா எறியறாரா, இல்ல தத்தளிச்சுக்கிட்டு பின்னாடி பின்னாடி போறாரா. எத்தனை பேர் ஓடி வந்தாங்கன்னும் எண்ணிக்கோங்க, ஆறு பேர் வந்து சாய்ச்சா அதுல பெருமை இல்ல. கடைசி கால் மணி நேரத்துல தேர்ட் டவுன் வரும்போது மட்டும் ரிவைண்ட் பட்டன் கைல இருக்கட்டும், ஆளுங்க களைச்சுப் போயிருப்பாங்க, அப்பவும் அந்த நாலு பேர் முதல் ஸ்னாப் மாதிரி பாய்ஞ்சு வர்றாங்களான்னு பாருங்க.