லண்டனில் காய்ச்சாத லண்டன் ஜின்

கேள்வி: வோட்காவில் எசன்ஸ் ஊற்றினால் அதுதானே ஜின்? இதற்குப் போய் இவ்வளவு அலட்டலா? லண்டனில் காய்ச்சியதுதான் அசல் என்கிறான் என் நண்பன். ஹாலந்து டாக்டர் ஒருவர் மருந்தாகக் கண்டுபிடித்தது என்று வேறு அளக்கிறானே?

பதில்: நீங்கள் பாதி சரி. உங்கள் நண்பர் முக்கால்வாசி தப்பு.

நீங்கள் கிண்டலடிக்கும் அந்தச் சரக்குக்கு ஐரோப்பியச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. தானியம் போன்ற விளைபொருளிலிருந்து வடித்த ஆல்கஹாலில் ஜூனிப்பர் என்ற கருநீலக் கனியின் வாசனையைச் சேர்த்து, ஆல்கஹால் அளவு 37.5 சதவீதத்துக்குக் குறையாமல் பாட்டிலில் அடைத்தால் 'ஜின்' என்று எழுதிக்கொள்ளலாம். மறுபடி காய்ச்ச வேண்டியதில்லை. (அமெரிக்காவில் ஆல்கஹால் அளவு குறைந்தது 40 சதவீதம்.) ஆனால் ஜூனிப்பர் தூக்கலாக இருந்தாக வேண்டும். தேடினாலும் ஜூனிப்பர் அகப்படாத பூ வாசனைப் பாட்டில்கள் இப்போது நிறைய உலவுகின்றன. அதில் ஒன்றைக் குடித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியை அனுப்பினீர்களோ?

ஒழுங்காகச் செய்யும் ஜின்னின் கதை வேறு. அங்கேயும் பெரும்பாலானவர்கள் சொந்தமாக ஊறல் போடுவதில்லை என்பது உண்மைதான். ஏறத்தாழ 96 சதவீத ஆல்கஹாலை வெளியிலிருந்து வாங்கித் தண்ணீர் கலந்து வீரியத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். வேலை அதற்குப் பிறகுதான். ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிகா வேர், எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், ஏலக்காய் என்று ஆளுக்கொரு கூட்டு. பீஃபீட்டர் என்ற ஜின் கம்பெனி இவற்றை 24 மணி நேரம் ஊறவைத்துக் காய்ச்சுகிறது. பாம்பே சஃபையர் என்ற இன்னொரு கம்பெனி ஊறவைப்பதே இல்லை. வாசனைப் பொருள்களைக் கூடையில் வைத்து ஆல்கஹால் ஆவியை அதன் வழியே விடுகிறது.

செப்புக் கொப்பரை சூடேறியதும் முதலில் வருவது காரநெடி; அதை ஒதுக்கிவிடுவார்கள். பிறகு பழத்தோல் வாசனை, அடுத்து ஜூனிப்பர், கடைசியில் வேர்களின் மண்வாசனை. அதற்கும் பிறகு வருவது சப்பென்று வேகவைத்த கீரை மாதிரி இருக்கும், அதுவும் கழிவு. நடுவில் வடிவதை மட்டும் எங்கே தொடங்கிப் பிடிப்பது, எங்கே நிறுத்துவது? கருவி எத்தனை இருந்தாலும் தீர்ப்பு மூக்கினுடையதுதான். தாவரங்களின் வாசனை எண்ணெய் அதிகமாக இறங்கிவிட்டால், தெளிவாக இருந்த ஜின் தண்ணீர் பட்டதும் பால்போல் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எசன்ஸ் ஊற்றுகிறவருக்கு இந்தத் தலைவலி ஏது?

ஜூனிப்பரைப் பழம் என்கிறோம், உண்மையில் அது பைன் மரத்தின் உறவுக்காரச் செடியில் காய்க்கும் சதைப்பற்றுள்ள கூம்பு. பழுக்க இரண்டு வருஷம்கூட ஆகும். ஒரே கிளையில் பச்சையும் கருநீலமும் சேர்ந்தே இருப்பதால், கிளையைக் கோலால் தட்டி, உதிர்கிற கனிந்ததை மட்டும் பொறுக்குகிறார்கள். விரலால் நசுக்கினால் பிசின் வாசனை குப்பென்று அடிக்கும். பைனீன் என்ற பொருளின் வேலை அது. பெயின்டில் கலக்கும் டர்பன்டைனிலும் இருப்பது அதுவே. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் மலிவு ஜின் காய்ச்சியவர்கள் ஜூனிப்பருக்குப் பதிலாக டர்பன்டைன் எண்ணெயை ஊற்றினார்கள். ஆக, உங்கள் 'எசன்ஸ்' யோசனை புதிதல்ல!

இனி நண்பருக்கு. லேபிளில் உள்ள 'லண்டன்' ஊரைக் குறிப்பதல்ல, செய்முறையைக் குறிப்பது. வாசனை முழுவதும் தாவரங்களிலிருந்து, கொப்பரையிலேயே ஏறிவிட வேண்டும். இறக்கிய பின் தண்ணீரும் அதே வகை ஆல்கஹாலும் சேர்க்கலாம். சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக் கூடாது. நிறம் கூடவே கூடாது. இதைக் கடைப்பிடித்தால் உலகின் எந்த மூலையில் காய்ச்சினாலும் லண்டன் ஜின்தான். மாறாக, ஹென்ட்ரிக்ஸ் என்ற ஜின் கம்பெனி வெள்ளரி, ரோஜா சாரங்களை வடித்த பிறகு சேர்க்கிறது. லண்டனிலேயே செய்தாலும் அதற்கு அந்தப் பெயர் கிடையாது. இதனால் அது மட்டம் என்று அர்த்தமில்லை, எனக்கு அதில் புகாரும் இல்லை. சிவப்பும் நீலமுமாக மின்னுகிற பாட்டில்காரர்கள் 'லண்டன்' என்று போட்டால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

டாக்டர் கதை சுவையான கதை, அவ்வளவுதான். ஜின்னின் மூதாதையான ஜெனிவர் ஹாலந்து, பெல்ஜியம் பக்கத்துச் சரக்கு. ஜூனிப்பரை மருந்தாகக் கொண்டாடியதும் உண்மை. ஆனால் நண்பர் கைகாட்டும் பிரான்சிஸ்கஸ் சில்வியஸ் பிறந்தது 1614இல். 1623இல் அச்சேறிய ஓர் ஆங்கில நாடகத்திலேயே இந்தச் சரக்கின் பெயர் வந்துவிட்டது. டாக்டருக்கு அப்போது வயது ஒன்பது.