தம்பி பையில் கிடந்த மாத்திரை அட்டை

அண்ணாச்சி, 19 வயசுத் தம்பியின் பையில் டபென்டடால் காலி அட்டை இரண்டு கிடந்தது, அப்பாவுக்குத் தெரிந்தால் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூட்ட விடாதீர்கள். டபென்டடால் என்பது ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்கிற வலி மாத்திரை. தினமும் போட்டவன் சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, கால் முறுக்கல் என்று படுத்தி எடுத்துவிடும். எங்கள் சித்தப்பா மகனுக்கு இப்படி வந்தபோது, காய்ச்சல் என்று நினைத்து மூன்று நாள் நிலவேம்புக் கஷாயம் கொடுத்தோம், கூத்துதான்! அதைவிட ஆபத்து அப்புறம்தான்: சில நாள் விட்டவனுக்கு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், வெளியே போய்ப் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம்.

அவனிடம் சத்தம் போடாமல் ஒன்று மட்டும் கேளுங்கள், விழுங்குகிறானா, கரைத்து ஊசியில் ஏற்றுகிறானா என்று. ஊசி என்றால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) சோதனையும் வேண்டும்.

திருநெல்வேலி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இதற்கு பியூப்ரெனார்ஃபின் என்று மருந்தே இருக்கிறது, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். போலீஸ் பயம் இருந்தால், போதைக்கு அடிமையாகித் தானாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு, போதைப்பொருள் பயன்படுத்திய அல்லது சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலிருந்து விலக்குத் தர போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ பிரிவு உண்டு. முதலில் போனில் பேசணும் என்றால் 14446, கட்டணம் கிடையாது.

அந்தக் காலி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் கேட்பார்.